வேர்ட்பிரஸா, ஜூம்லாவா, ட்ரூபலா? கொடைக்கானலிலிருந்து வாசகர் கேள்வி – பதில்

கொடைக்கானல் மூஞ்சிக்கல் பக்கம் 2004-ல் நான்கு கணினி போட்டு ஒரு பிரவுசிங் சென்டர் ஆரம்பித்தேன். தேர்வு முடிவு பார்க்கவும் ரயில் டிக்கெட் போடவும் வந்தவர்கள், பிறகு “எங்களுக்கும் ஒரு வெப்சைட் செய்து கொடுங்கள்” என்று கேட்க ஆரம்பித்தார்கள். இப்போது அதே அறையில் அந்த வேலைதான் பார்க்கிறேன். இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே கேள்வி: இணையதளம் கட்ட எந்த ஓப்பன் சோர்ஸ் மென்பொருளை எடுப்பது? அதனால் இந்த இதழ் முழுவதையும் அதற்கே வைத்துக்கொண்டேன்.

கேள்வி: அக்கா, வணக்கம். பூம்பாறையில் பூண்டு போடும் பதினெட்டு குடும்பங்கள் சேர்ந்து ஒரு குழு வைத்திருக்கிறோம். எங்கள் பூண்டைப் பற்றிச் சொல்லவும், ஆர்டர் வாங்கவும் இணையதளம் வேண்டும். வத்தலக்குண்டில் கேட்டால் வேர்ட்பிரஸ் என்கிறார்கள். மதுரையில் வேலை பார்க்கும் என் தம்பி, ட்ரூபல்தான் கெட்டி என்கிறான். ஜூம்லா போதும் என்கிறார் இன்னொருவர். எல்லாமே இலவசம் என்றால் எதை எடுப்பது? என் மகள் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். அவள் பார்த்துக்கொள்வாள்.
— பூண்டு விவசாயி, பூம்பாறை

பதில்: உங்கள் கடிதத்தின் கடைசி வரியைத்தான் நான் முதலில் படித்தேன். யார் பார்த்துக்கொள்ளப் போகிறார்கள் என்று தெரிந்துவிட்டால் பாதி முடிவு வந்துவிடும். தளத்தைக் கட்டித் தருகிறவர் பத்து நாளில் போய்விடுவார். அதற்கப்புறம் ஐந்து வருஷம் அதில் எழுதப்போவது உங்கள் மகள். ஆகவே வேர்ட்பிரஸ் எடுங்கள்.

காரணத்தைச் சொல்கிறேன். உங்கள் தம்பி சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

மூன்றும் ஒரே வயலில் விளைந்தவைதான். மூன்றும் பிஎச்பி என்ற நிரல் மொழியில் எழுதப்பட்டவை. எழுதுவதை மைஎஸ்க்யூஎல் போன்ற ஒரு தரவுத்தளத்தில் போட்டு வைத்து, யாராவது பக்கத்தைக் கேட்கும்போது எடுத்துக் கோத்துக் காட்டும். மூன்றுக்கும் ஜிபிஎல் உரிமம், அதாவது யாரும் ஓட்டலாம், மாற்றலாம், அடுத்தவருக்கும் கொடுக்கலாம். ட்ரூபல் மூத்தது. பெல்ஜியத்தில் மாணவராக இருந்த ட்ரீஸ் பைட்டார்ட் 2001 ஜனவரியில் வெளியிட்டார். வேர்ட்பிரஸ் 2003 மே மாதம் வந்தது. பி2 என்ற பழைய வலைப்பதிவு மென்பொருளிலிருந்து மேட் முல்லன்வெக்கும் மைக் லிட்டிலும் அதைப் பிரித்தெடுத்து வளர்த்தார்கள். ஜூம்லா 2005-ல் மாம்போ என்ற மென்பொருளிலிருந்து பிரிந்தது. ‘எல்லோரும் சேர்ந்து’ என்று பொருள்படும் சுவாஹிலிச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது.

பிறந்த இடம் குணத்தில் தெரியும். வேர்ட்பிரஸ் எழுதுகிறவருக்காகப் பிறந்தது. உள்ளே போனால் ‘பதிவு’, ‘பக்கம்’ என்று இரண்டே விஷயம். தேதி போட்டு மாறிக்கொண்டே இருப்பது பதிவு; “எங்களைப் பற்றி” மாதிரி அப்படியே நிற்பது பக்கம். இதைப் புரியவைக்க எனக்கு அரை மணி நேரத்துக்கு மேல் ஆனதில்லை. கைபேசிக்குச் செயலியும் உண்டு. சிக்னல் இல்லாத இடத்திலும் எழுதி வைத்துக்கொள்ளலாம். உங்கள் மகள் தோட்டத்தில் நின்று படம் எடுத்து நாலு வரி எழுதிவிட்டு, மேட்டுக்கு ஏறி சிக்னல் வந்ததும் வெளியிடலாம்.

ஜூம்லாவில் அவள் தடுமாறுவாள். அங்கே முதலில் வகை, அதற்குள் கட்டுரை, அப்புறம் அந்தக் கட்டுரையை ஒரு மெனுவில் சேர்த்து வைக்க வேண்டும். பக்கத்தின் ஓரத்தில் ஒரு பெட்டி வர வேண்டுமென்றால் ‘மாட்யூல்’ என்று தனியாக ஒன்று. கட்டுரையை எழுதிச் சேமித்துவிட்டு, “அக்கா, தளத்தில் வரவே இல்லை” என்று எனக்கு வந்த தொலைபேசி அழைப்புகளில் முக்கால்வாசி ஜூம்லாக்காரர்களுடையவை. ஆனால் ஒரு சங்கம், தலைவர், செயலாளர், கிளை நிர்வாகிகள், ஒவ்வொருவரும் தங்கள் பகுதியை மட்டும் திருத்தலாம் என்கிற நிலை இருந்தால் ஜூம்லா அருமையானது. அந்த அனுமதி முறை 2011-ல் வந்த 1.6 பதிப்பிலிருந்தே உள்ளேயே இருக்கிறது. வேர்ட்பிரஸில் அவ்வளவு நுணுக்கமாக வேண்டுமென்றால் ப்ளக்இன், அதாவது கூடுதல் வசதிக்காக மேலே சேர்க்கும் சின்ன மென்பொருள், தேட வேண்டும்.

இப்போது ட்ரூபல். பதினெட்டு குடும்பம், ஒவ்வொன்றுக்கும் இரண்டு மூன்று துண்டு நிலம், எந்தத் துண்டில் எப்போது நட்டது, எப்போது எடுத்தது, எத்தனை கிலோ, எந்த மூட்டை யாருக்குப் போனது என்று எல்லாம் தளத்தில் இருக்க வேண்டும், வாங்குகிறவர் மூட்டை எண்ணைப் போட்டால் நிலம் வரைக்கும் காட்ட வேண்டும் என்று வையுங்கள். அப்போது நானே ட்ரூபலைத்தான் சொல்வேன். ‘குடும்பம்’, ‘நிலம்’, ‘மூட்டை’ என்று நமக்கு வேண்டிய உள்ளடக்க வகைகளை எழுத்துக் கட்டம், எண் கட்டம், தேதிக் கட்டம் போட்டு நாமே வடிவமைக்கலாம். ஒன்றை இன்னொன்றோடு இணைக்கலாம். ‘வியூஸ்’ என்ற பகுதியை வைத்து, நிரல் எழுதாமலே, அந்தத் தகவலை எந்த வரிசையிலும் எடுத்துக் காட்டலாம். 2015-ல் வந்த ட்ரூபல் 8-லிருந்து வியூஸ் கூடவே வருகிறது. தம்பி ‘கெட்டி’ என்று சொல்வது இதைத்தான். ஆனால் அதைக் கட்டவும் ஒரு பெரிய பதிப்பிலிருந்து அடுத்ததற்கு மாற்றவும் அது தெரிந்த ஆள் வேண்டும். கொடைக்கானலில் எனக்குத் தெரிந்து அப்படி ஒருவர் இல்லை. தம்பி மதுரையிலிருந்து எத்தனை நாள் பார்த்துக்கொடுப்பார் என்று அவரிடமே கேளுங்கள்.

வேர்ட்பிரஸுக்கு ஆள் எங்கும் கிடைக்கும். உலகத்து இணையதளங்களில் பத்தில் நான்குக்கு மேல் அதில்தான் ஓடுகின்றன. விற்பனைக்கு ‘வூகாமர்ஸ்’ என்ற ப்ளக்இன் இருக்கிறது. அதை முதல் நாளே போட வேண்டாம். ஒரு பருவம் வாட்ஸ்அப் பொத்தான் மட்டும் வைத்து ஆர்டர் வாங்கிப் பாருங்கள். பார்சல் கட்டுவது, கூரியர், திரும்பி வந்த மூட்டைக்கு என்ன செய்வது என்பதெல்லாம் கைக்குப் பழகட்டும்.

இன்னொன்று, கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. முதல் பக்கத்தில் அதை எழுதுங்கள். ஓடும் எழுத்து, கண்ணைப் பறிக்கும் படம் எல்லாம் வேண்டாம். பூண்டு யார் கையில் விளைந்தது என்று ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு படம், நாலு வரி போதும். சமவெளியில் இருந்து வாங்குகிறவர் அதைத்தான் பார்க்க வருகிறார்.

கேள்வி: எங்கள் ஊர்ப் பள்ளியின் பழைய மாணவர் சங்கத்துக்குத் தமிழிலும் ஆங்கிலத்திலும் தளம் வேண்டும். வெளிநாட்டில் இருப்பவர்களின் பிள்ளைகளுக்குத் தமிழ் படிக்க வராது. பழைய ஆண்டு மலர்களையும் ஏற்ற வேண்டும். தமிழுக்கு எது நல்லது?
— ஓய்வு பெற்ற ஆசிரியை, தாண்டிக்குடி

பதில்: டீச்சர், உங்கள் கேள்வி எனக்கு மிகவும் பிடித்தது. தமிழ் எழுத்து தெரிவதில் மூன்றிலும் பிரச்சினை இல்லை. எல்லாமே யூனிகோட், அதாவது எல்லா மொழி எழுத்துக்கும் பொதுவான குறியீட்டு முறைதான். தொல்லை வருவது ஓரங்களில்.

முதலில் இரண்டு மொழி. ஜூம்லாவில் அது உள்ளேயே இருக்கிறது, தனியாக ப்ளக்இன் எதுவும் சேர்க்க வேண்டாம். ட்ரூபலிலும் எட்டாம் பதிப்பிலிருந்து உள்ளேயே உண்டு. வேர்ட்பிரஸில் ‘பாலிலாங்’ போன்ற ஒரு ப்ளக்இன் சேர்க்க வேண்டும். உங்கள் சங்கத்தில் ஆண்டு வாரியாகப் பொறுப்பாளர்கள் இருப்பார்கள், இரண்டு மொழியும் வேண்டும் என்பதால், இந்தப் பகுதியில் மட்டும் நான் ஜூம்லா பக்கம் சாய்கிறேன்.

அடுத்து முகவரி. தலைப்பைத் தமிழில் எழுதினால் வேர்ட்பிரஸ் அந்தத் தலைப்பையே பக்கத்தின் முகவரியாகவும் ஆக்கிவிடும். ‘தாண்டிக்குடி’ நம் கண்ணுக்கு ஆறு எழுத்து. யூனிகோடில் துணைக்கால், புள்ளி, கொக்கி எல்லாம் தனித்தனிக் குறி என்பதால் பன்னிரண்டு. ஒவ்வொரு குறியும் முகவரிக்குள் போகும்போது சதவீதக் குறிகளோடு ஒன்பது எழுத்தாக விரியும். ஆக, ஊர்ப் பெயர் மட்டுமே 108 எழுத்து. வேர்ட்பிரஸ் இந்தப் பகுதிக்கு 200 எழுத்துதான் இடம் வைத்திருக்கிறது. ‘தாண்டிக்குடி பள்ளி ஆண்டு விழா’ என்று தலைப்பு வைத்தால் ‘ஆண்டு’ வரைக்கும் 200 ஆகிவிடும், ‘விழா’ விழுந்துவிடும். வாட்ஸ்அப்பில் அந்த முகவரியை அனுப்பினால் பாதித் திரைக்குச் சதவீதக் குறியாக நிற்கும். ஜூம்லாவில் வேறு மாதிரி. ‘யூனிகோட் ஏலியஸ்’ என்று ஓர் அமைப்பு இருக்கிறது, அது முதலில் அணைந்திருக்கும். அப்படியே விட்டால் தமிழ்த் தலைப்பை முழுக்கத் தூக்கி எறிந்துவிட்டு, சேமித்த தேதியையும் நேரத்தையும் முகவரியாகப் போட்டுவிடும். நான் எல்லோருக்கும் சொல்வது: தலைப்பு தமிழில் இருக்கட்டும், முகவரியை மட்டும் ஆங்கில எழுத்தில் இரண்டு மூன்று சொல்லாக நீங்களே அடித்துவிடுங்கள். எந்த மென்பொருளிலும் அதற்கென்று ஒரு கட்டம் இருக்கும்.

கடைசியாக ஆண்டு மலர்கள். அச்சகத்தில் வாங்கிய கோப்புகள் பாமினி மாதிரி பழைய எழுத்துருவில் இருந்தால் அப்படியே ஒட்டாதீர்கள், ஆங்கில எழுத்துக் குப்பையாகத்தான் வரும். முதலில் யூனிகோடுக்கு மாற்றி, ஒருமுறை மெய்ப்புப் பார்த்துவிட்டு ஏற்றுங்கள். பழைய ஹோஸ்டிங்கிலிருந்து (தளத்தை வைத்திருக்கும் வாடகை இடம்) தளத்தை மாற்றும்போது எழுத்தெல்லாம் கேள்விக்குறியாக வந்தால் உடனே நிறுத்திவிடுங்கள். பெரும்பாலும் தரவுத்தளம் யுடிஎஃப்-8 என்ற யூனிகோட் அமைப்பில் இல்லை என்று அர்த்தம். கேள்விக்குறியாகச் சேமித்துவிட்டால் அந்தத் தமிழ் திரும்பி வராது. ஒரு கவிதைத் தொகுப்பு அப்படிப் போனதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: வில்பட்டியில் மூன்று அறை ஹோம்ஸ்டே நடத்துகிறேன். ஓப்பன் சோர்ஸ் இலவசம் என்றார்கள். ஆனால் தளம் செய்து கொடுத்தவர் வருஷா வருஷம் பணம் கேட்கிறார். ஏமாற்றுகிறாரா?
— வாசகர், வில்பட்டி

பதில்: பணம் கேட்பது ஏமாற்று இல்லை. எதற்கு என்று பிரித்துச் சொல்லாவிட்டால்தான் சந்தேகப்பட வேண்டும். மென்பொருளுக்கு விலை இல்லை. அதை ஓட்டலாம், உள்ளே திறந்து பார்க்கலாம், மாற்றலாம், அடுத்தவருக்கும் கொடுக்கலாம் என்பதுதான் அந்த உரிமம். ஆனால் டொமைன் பெயருக்கு, அதாவது தளத்தின் முகவரிப் பெயருக்கு, ஆண்டு வாடகை உண்டு. தளம் உட்கார்ந்திருக்கும் ஹோஸ்டிங்குக்கு உண்டு. பராமரிக்கும் ஆளுக்குக் கூலி உண்டு. மூன்றையும் தனித்தனி வரியாக எழுதிக் கேளுங்கள்.

அவரிடம் இன்னொன்றும் கேளுங்கள்: டொமைன் யார் பெயரில் இருக்கிறது? எனக்குத் தெரிந்த ஓர் அம்மா எட்டு வருஷம் நடத்திய தங்கும் விடுதியின் டொமைன், தளம் செய்து கொடுத்த நிறுவனத்தின் பெயரில் இருந்தது. சண்டை வந்ததும் அவர்கள் தரவில்லை. விசிட்டிங் கார்டு, போர்டு, பழைய வாடிக்கையாளர் எல்லாம் அந்தப் பெயரில். அந்த அம்மா என் கடையில் உட்கார்ந்து அழுதது இன்னும் நினைவிருக்கிறது. டொமைன் உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில் இருக்க வேண்டும். இதில் தயவு தாட்சண்யமே வேண்டாம்.

‘வேர்ட்பிரஸ்’ என்று இரண்டு இருக்கிறது என்பதும் பலருக்குத் தெரிவதில்லை. டாட் ஆர்க் தளத்திலிருந்து இறக்கி நம் ஹோஸ்டிங்கில் போட்டுக்கொள்ளும் மென்பொருள் ஒன்று. டாட் காம் என்பது ‘ஆட்டோமேட்டிக்’ என்ற நிறுவனம் நடத்தும் சேவை. அங்கே நாம் குடியிருப்பவர் மாதிரி. மூன்று அறைக்கு அந்தக் குடித்தனமே கூடப் போதும்.

படங்களைச் சிறிதாக்கிப் போடச் சொல்லுங்கள். மலை ஏறும்போது சிக்னல் விட்டு விட்டு வருகிற இடத்தில்தான் விருந்தாளி உங்கள் எண்ணைத் தேடுவார். 2024 மே மாதத்திலிருந்து வெளியூர் வண்டிக்கு இ-பாஸ் கேட்கிறார்கள் அல்லவா, அந்த விவரத்தையும் தொலைபேசி எண்ணையும் முதல் பக்கத்தின் உச்சியில் வையுங்கள்.

கேள்வி: என் டிராவல்ஸ் தளத்தைத் திறந்தால் சூதாட்ட விளம்பரத்துக்குப் போகிறது. வேர்ட்பிரஸ் பாதுகாப்பில்லை, ட்ரூபலுக்கு மாறு என்கிறார்கள். மாறட்டுமா?
— வாசகர், நாயுடுபுரம்

பதில்: தம்பி, மாற வேண்டாம். முதலில் உங்கள் தளத்தின் ‘தீம்’, அதாவது தோற்றத்தைத் தரும் தொகுப்பு, எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். காசு கொடுத்து வாங்க வேண்டிய தீம் ஒன்றை யாரோ இலவசமாகக் கொடுத்தால், பெரும்பாலும் உள்ளே வேறு ஏதோ சேர்த்துத்தான் கொடுத்திருப்பார்கள். என்னிடம் சுத்தம் செய்ய வந்த தளங்களில் பெரும்பாலானவை அப்படிக் கெட்டவைதான். வேர்ட்பிரஸின் மையப் பகுதிக்கு 2013-லிருந்து சிறு பாதுகாப்புத் திருத்தங்கள் தானாகவே வந்துவிடும். பெரும்பாலும் ஓட்டை விழுவது ப்ளக்இன்களிலும் திருட்டுத் தீம்களிலும்தான்.

ட்ரூபலுக்கும் சோதனை வந்ததுண்டு. 2014 அக்டோபர் 15-ல் ஒரு பெரிய ஓட்டையை அறிவித்தார்கள். ஏழு மணி நேரத்துக்குள் திருத்தாத தளம் உடைக்கப்பட்டுவிட்டதாகவே வைத்துக்கொள்ளுங்கள் என்று அவர்களுடைய பாதுகாப்புக் குழுவே பிறகு எச்சரித்தது. நம் ஊரில் ஏழு மணி நேரம் மின்சாரம் இல்லாமலே போகும். ட்ரூபல் 7-க்கு 2025 ஜனவரி 5-ஓடு ஆதரவு முடிந்துவிட்டது. ஜூம்லா 3-க்கு 2023 ஆகஸ்டில். இந்தப் பதிப்புகளில் தளம் வைத்திருக்கும் மற்ற வாசகர்களும் இதைக் கவனியுங்கள்.

நான் செய்த தப்பு ஒன்றைச் சொல்கிறேன். 2018 நவம்பரில் கஜா புயல் வந்தபோது, ஒரு வாடிக்கையாளரின் தளத்தைப் புதிய பதிப்புக்கு மாற்றிக்கொண்டிருந்தேன். பொத்தானை அழுத்தினால் வேலை செய்யாத ஹோஸ்டிங் என்பதால் கோப்புகளை எஃப்டிபி என்ற கோப்பு அனுப்பும் முறை வழியாக ஒவ்வொன்றாக ஏற்றினேன். பாதியில் மின்சாரம் போனது. பழைய கோப்பு பாதி, புதிய கோப்பு பாதி, தளம் வெறும் வெள்ளைப் பக்கம். காட்ரோட்டில் மரம் விழுந்து கீழேயும் இறங்க முடியவில்லை. நான் முன்கூட்டியே நகல் எடுக்கவில்லை. மின்சாரம் திரும்பிய பிறகு எல்லாவற்றையும் மறுபடி ஏற்றிச் சரிசெய்தேன். ஆனால் அத்தனை நாளும் அவருக்கு வந்திருக்க வேண்டிய முன்பதிவுகள் போனது போனதுதான்.

அன்றிலிருந்து நகல் எடுக்காமல் எந்தத் தளத்தையும் தொடுவதில்லை. நகல் என்றால் இரண்டு: படம், தீம் இருக்கும் கோப்புகள் ஒன்று, தரவுத்தளம் இன்னொன்று. ஒன்றை மட்டும் வைத்திருந்தால் உபயோகமில்லை. அதே ஹோஸ்டிங்கில் வைப்பதும் உபயோகமில்லை. உங்கள் தளத்துக்கு, கெடுவதற்கு முந்தைய நகல் இருந்தால் அதைப் போட்டு, கடவுச்சொற்களை எல்லாம் மாற்றுங்கள். இல்லையென்றால் எழுத்தையும் படத்தையும் மட்டும் எடுத்துக்கொண்டு புதிதாக நிறுவுங்கள். வேர்ட்பிரஸோடு வரும் ஆண்டுப் பெயர் கொண்ட தீம் போதும்.

கேள்வி: கணினி அறிவியல் இறுதி ஆண்டு படிக்கிறேன் அக்கா. வேலைக்கு இவற்றில் எதைக் கற்றுக்கொள்ளலாம்?
— மாணவி, கொடைக்கானல்

பதில்: முதலில் பிஎச்பியும் தரவுத்தளமும் நன்றாகப் படியுங்கள், தங்கச்சி. அப்புறம் வேர்ட்பிரஸில் ஒரு சின்ன ப்ளக்இன் நீங்களே எழுதுங்கள். தீம் மாற்றத் தெரிந்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்தவர்கள் குறைவு. பெரிய நிறுவனத்தில் வேலை வேண்டுமென்றால் அடுத்து ட்ரூபல். பல்கலைக்கழகங்கள், அரசுத் தளங்கள் அதை நிறையப் பயன்படுத்துகின்றன. அமெரிக்க வெள்ளை மாளிகையின் தளமே 2009-ல் அதற்கு மாறியது, சில ஆண்டுகள் அதில்தான் ஓடியது. எட்டாம் பதிப்பிலிருந்து சிம்ஃபனி என்ற அடித்தளத்தின் பகுதிகளை எடுத்துக்கொண்டதால், ட்ரூபல் கற்றால் அந்த அறிவு வேறு இடத்திலும் பயன்படும்.

அதோடு உங்களிடம் ஒரு வேண்டுகோள். வேர்ட்பிரஸின் பொத்தான்கள், செய்திகள் எல்லாவற்றையும் தன்னார்வலர்கள்தான் தமிழாக்குகிறார்கள். இந்தியத் தமிழுக்கும் இலங்கைத் தமிழுக்கும் தனித்தனி மொழிபெயர்ப்பே இருக்கிறது. ஒரு கணக்கு திறந்து நீங்களும் வரி வரியாகச் சேர்க்கலாம். பூம்பாறைப் பெண் நாளை தளத்துக்குள் நுழையும்போது ‘வெளியிடு’ என்று தமிழில் பார்ப்பாள்.

கேள்வி: பெரும்பாறையில் சிறிய காப்பித் தோட்டம். பெயர், விலாசம், இரண்டு படம், தொலைபேசி எண், அவ்வளவுதான் வேண்டும். மாற்றவே மாட்டேன். வேர்ட்பிரஸ், ஜூம்லா மாதிரி எந்த சிஎம்எஸ் எடுக்கலாம்?
— வாசகர், பெரும்பாறை

பதில்: எதுவும் வேண்டாம். ஒரே ஒரு எச்டிஎம்எல் பக்கம் எழுதி ஏற்றிவிடுங்கள். தரவுத்தளம் இல்லை, ப்ளக்இன் இல்லை, மாதா மாதம் புதுப்பிக்கவும் ஒன்றுமில்லை. பின்னால் பத்துப் பதினைந்து பக்கமாக வளர்ந்தால் ஹ்யூகோ, ஜெகில் என்று நிலையான பக்கங்களை உருவாக்கித் தரும் ஓப்பன் சோர்ஸ் கருவிகள் இருக்கின்றன. அப்போது எழுதுங்கள், சொல்லித் தருகிறேன்.